பழைய பிஸ்டல் சிக்கும்போது செய்யக்கூடாதவை

பட்டாளத்தில் பணியாற்றியவர்கள் நிறைந்த வேலூர் மாவட்டத்தில், தாத்தா வாங்கிய 7.65 மி.மீ. பிஸ்டலை முறையான உரிமத்தோடு வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. கோல்ட் 1903, எஃப்.என். 1910, வெப்லி என்று பெயர்கள் வேறாயினும், இவற்றில் பெரும்பாலானவை வேலை செய்யும் விதம் ஒன்றுதான். குழலையும், அதன்மேல் முன்னும் பின்னும் நகரும் இரும்புக் கூடான ஸ்லைடையும் பூட்டி வைக்கும் அமைப்பு இவற்றில் கிடையாது. ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கின் விசையும் மட்டுமே தோட்டாவின் பின்னுதைப்பைத் தாங்குகின்றன. அந்தச் சமநிலை குலைந்தால் தோட்டாவோ காலி உறையோ இடையில் மாட்டி, பிஸ்டல் சிக்கும். அப்போது பழுதைத் தேடாமல் கைக்கு வந்ததை மாற்றிப் பார்ப்பதுதான் பலரும் செய்யும் தவறு.

சிக்கியவுடன் பதறி ஸ்லைடை இழுத்து விடுவதால் தடயமே அழிந்துவிடுகிறது. குழலைப் பாதுகாப்பான திசையிலேயே வைத்து, விரலைச் சுடும் விசையிலிருந்து (டிரிகர்) எடுத்துவிட்டு, என்ன நடந்திருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். புதுத் தோட்டாவின் மூக்கு குழல் வாயில் முட்டி நின்றால், தோட்டாக்களை அடுக்கும் பெட்டியான மேகசினைச் சந்தேகிக்கலாம். காலி உறை உள்ளேயே தங்கியிருந்தால் உறையை இழுக்கும் கொக்கியையோ அழுக்கேறிய தோட்டா அறையையோ பார்க்க வேண்டும். உறை வெளியேறும் வாயிலில் செங்குத்தாக மாட்டியிருந்தால் ஸ்லைடு முழுத் தூரம் பின்னால் போகவில்லை என்று பொருள் கொள்ளலாம். விசையை அழுத்தியும் வெடிக்காத தோட்டாவை உடனே வெளியே எடுக்கக் கூடாது. தாமதமாக வெடிக்கக்கூடும் என்பதால் முப்பது விநாடியாவது குழலைத் திருப்பாமல் காத்திருக்க வேண்டும்.

தோட்டா விஷயத்தில் நடக்கும் குழப்பம் தனிக் கதை. 7.65 மி.மீ. பிஸ்டல் தோட்டாவுக்கு அங்குலக் கணக்கில் .32 என்று பெயர். பெட்டியில் அந்த எண்ணை மட்டும் பார்த்து வாங்குபவர்கள், ரிவால்வருக்கான .32 தோட்டாவும் பிஸ்டலுக்கான .32 தோட்டாவும் வேறு வேறு என்பதை மறந்துவிடுகிறார்கள். பிஸ்டல் தோட்டாவின் உறை சுமார் 17 மி.மீ. நீளம், ரிவால்வருக்கான .32 லாங் தோட்டாவினுடையது அதைவிட நீளமானது, அடிவிளிம்பும் நன்றாக அகன்றிருக்கும். சரியான தோட்டாவிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அதன் அடிவிளிம்பு உடலைவிடச் சற்றே அகன்றிருப்பதால், மேகசினில் மேலே இருக்கும் தோட்டாவின் விளிம்பு கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் அமைய வேண்டும். பின்னால் போய்விட்டால் இரண்டும் கொக்கி போட்டதுபோல் மாட்டிக்கொள்ளும். ஸ்லைடு எவ்வளவு தள்ளினாலும் தோட்டா நகராது. மூக்குப் பகுதி குட்டையான தோட்டாக்களை இட்டால் மேகசினின் முன்பக்கத்தில் இடம் மிஞ்சி, அவை ஒவ்வொரு உதைப்பிலும் முன்னும் பின்னும் நகர்வதால் இந்தச் சிக்கல் அதிகமாகும். இது புரியாமல் மேகசினின் உதடுகளை, அதாவது தோட்டாவைப் பிடித்திருக்கும் மேல் விளிம்புகளை, குறடால் நெளித்து, நல்ல மேகசினைக் கெடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு மேகசின் இருந்தால் அவற்றுக்கு எண் குறித்து, எது சிக்குகிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

எண்ணெய்க்கு வருவோம். தேங்காய் எண்ணெய் மார்கழி விடியலில் உறைந்துபோவதை வேலூரில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அதையே ஸ்லைடின் தடங்களில் பூசினால் என்னாகும்? கனிம எண்ணெயாயினும் ஆண்டுக்கணக்கில் விட்டால் பிசினாகும். தேர்தல் காலத்தில் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்த துப்பாக்கி திரும்பி வரும்போது இதை எதிர்பார்க்க வேண்டும். 2019 ஏப்ரலில் ரத்தான வேலூர் மக்களவைத் தேர்தல் ஆகஸ்ட் 5 அன்றுதான் நடந்தது. நடுவே ஒரு கோடை முழுவதும் கழிந்துவிட்டது. திரும்பப் பெற்றதும் பழைய எண்ணெயை முழுவதும் துடைத்துவிட்டு, மெல்லிய படலமாகப் புது எண்ணெய் இட்டால் போதும். ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோலில் தைத்த உறை எவ்வளவு அழகாக இருந்தாலும், பிஸ்டலை அதிலேயே மாதக்கணக்கில் வைக்கக் கூடாது, தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பதனிடும் உப்புகளும் அதில் தங்கியிருக்கும், இரும்பு அரிக்கும்.

ஸ்பிரிங் தளர்ந்ததென்று கருதிக் கடினமானதைப் போடுவதும், இருப்பதில் இரண்டு சுற்று வெட்டுவதும் எதிரெதிர்த் தவறுகள். கடினமான ஸ்பிரிங் ஸ்லைடைப் பாதியிலேயே நிறுத்தும். தளர்ந்ததோ ஸ்லைடைப் பிஸ்டலின் உடற்சட்டத்தில் மோதவிட்டுப் பழைய இரும்பில் விரிசல் உண்டாக்கும். அந்த மாடலுக்கு உரிய ஸ்பிரிங்கைத் தவிர வேறெதுவும் வேண்டாம்.

அரத்தால் தேய்ப்பதும் கூடாது. லேத் பட்டறையில் கொடுப்பதும் கூடாது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கி பழுதுபார்க்கும் தொழிலுக்குத் தனி உரிமம் வேண்டும். வீட்டில் நிஜத் தோட்டாவை இட்டு ஸ்லைடை இழுத்துச் சோதிப்பதற்கோ மன்னிப்பே கிடையாது. மருந்தில்லாத டம்மி தோட்டாக்கள் அதற்கென்றே இருக்கின்றன. உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் போகும்போது, எந்த மேகசின், எந்தத் தோட்டா, எத்தனையாவது சுடுதலில் சிக்கியது, காலி உறை எப்பக்கம் விழுந்தது என்று எழுதிய தாளையும் உரிமப் புத்தகத்தோடு எடுத்துச் செல்லுங்கள்.