அமெரிக்கக் கல்லூரிக்குப் போகுமுன் எழுத வேண்டிய அலெக்ஸ் கணிதத் தேர்வு: தயாராவது எப்படி?

அட்மிஷன் உறுதியாகி, விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவம் வந்து, விசா வேலையாக அலைந்துகொண்டிருக்கும் நேரத்தில் பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொரு மின்னஞ்சல் வரும்: ஓரியன்டேஷனுக்கு முன் கணித பிளேஸ்மென்ட் தேர்வை முடித்துவிடுங்கள். பாஸ், ஃபெயில் கிடையாது. கிடைத்த அட்மிஷனுக்கு இதனால் ஆபத்தும் இல்லை. அதனாலேயே பலர் இதை ஏனோதானோவென்று எழுதித் தொலைக்கிறார்கள். ஆனால் முதல் செமஸ்டரில் எந்தக் கணித வகுப்பில் உட்காருவீர்கள் என்பதை முடிவுசெய்வது இதுதான். இன்ஜினியரிங், கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்கள் கால்குலஸ் 1-இல் தொடங்க வேண்டும். மதிப்பெண் குறைந்தால் பிரீ-கால்குலஸ், அதற்கும் கீழே காலேஜ் அல்ஜீப்ரா. கால்குலஸ் தள்ளிப்போனால் அதை முன்தேவையாகக் கேட்கும் இயற்பியலும் தள்ளிப்போகும். அந்த ஒன்றிரண்டு கூடுதல் பாடங்களுக்கும் ஃபீஸ் டாலரில்தான்.

பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இதற்குப் பயன்படுத்துவது மெக்ரா ஹில் நிறுவனத்தின் அலெக்ஸ் பி.பி.எல். (பிளேஸ்மென்ட், பிரிபரேஷன் அண்ட் லேர்னிங்). கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் உருவான மென்பொருள் இது. அதிகபட்சம் 30 கேள்விகள், ஒன்றரை மணி நேரம் போல ஆகும்; பல இடங்களில் 3 மணி நேரம் வரை அனுமதி உண்டு. மதிப்பெண் 0 முதல் 100 வரை. நிறுவனம் பரிந்துரைக்கும் எல்லைகள் ஏறத்தாழ இப்படி: 30 முதல் 45 வரை இடைநிலை அல்ஜீப்ரா, 46 முதல் 60 வரை காலேஜ் அல்ஜீப்ரா, 61 முதல் 75 வரை பிரீ-கால்குலஸ், 76-இலிருந்து கால்குலஸ் 1. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் இதைக் கொஞ்சம் ஏற்றியோ இறக்கியோ வைத்திருக்கும். உங்கள் கணிதத் துறையின் பக்கத்தில் உள்ள எண்ணை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். எல்லா வேலையும் அந்த எண்ணை நோக்கித்தான்.

பிளஸ் டூ முடித்தவர்கள் சறுக்குவது எங்கே?

இந்தத் தேர்வில் கால்குலஸ் வராது. வகையிடல், தொகையிடல், எல்லை எதுவும் கிடையாது. பின்னம், சதவீதத்தில் தொடங்கி அடுக்குகள், காரணிப்படுத்துதல், விகிதமுறு கோவைகள், அசமன்பாடுகள், சார்புகள், மடக்கை, முக்கோணவியல் வரைதான் கேள்விகள். நம்மூர்க் கணக்கில் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பதினொன்று வரை படித்தது. "இவ்வளவுதானா" என்று தோன்றும். ஆனால் இரண்டு வருடம் தொகையிடலிலும் நுழைவுத் தேர்விலும் முழுகியிருந்த மாணவருக்கு 8-இன் அடுக்கு −2/3 என்ன என்று கேட்டால் கை சட்டென்று ஓடாது. (விடை 1/4.) கேள்விகளை அப்ஜெக்டிவ் உத்தியால் தள்ளலாம் என்ற கணக்கும் இங்கே எடுபடாது. பெரும்பாலான கேள்விகளுக்கு நாலு விருப்பம் தரப்படுவதில்லை. விடையை நீங்களே தட்டச்சு செய்ய வேண்டும்.

சார்பகம் கேட்கும் கேள்வியை எடுத்துக்கொள்வோம். 3-இலிருந்து எக்ஸைக் கழித்து வர்க்கமூலம் எடுத்து, அதை எக்ஸ் கூட்டல் 2-ஆல் வகுக்கும் ஒரு சார்பு. எக்ஸ் 3-ஐத் தாண்டக் கூடாது, −2 ஆகவும் கூடாது என்று எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள். விடையை இடைவெளிக் குறியீட்டில் (−∞, −2) ∪ (−2, 3] என்று எழுதும்போதுதான் தடுமாற்றம். 3 சேரும், எனவே சதுர அடைப்பு. −2 சேராது, எனவே வளைவு அடைப்பு. முடிவிலிக்கு எப்போதும் வளைவு. ஒரு அடைப்பு மாறினாலும் விடை தவறுதான். ஸ்டெப் மார்க் என்ற பேச்சே இல்லை.

வரைபடக் கேள்விகளுக்கும் தனிப் பழக்கம் வேண்டும். முனை (1, 4)-இல் இருந்து கீழ்நோக்கித் திறக்கும் y = 4 − (x − 1)² என்ற பரவளையத்தை வரையச் சொன்னால், கையால் வளைவு இழுக்க முடியாது. முதலில் முனையை வைக்க வேண்டும். பிறகு இடப்பக்கம் இரண்டு புள்ளிகள், வலப்பக்கம் இரண்டு: (0, 3), (−1, 0), (2, 3), (3, 0). கடைசியாக வரைபடப் பொத்தானை அழுத்தினால்தான் வளைவு தோன்றும். ஐந்து புள்ளியையும் சரியாக வைத்துவிட்டு அந்தப் பொத்தானை மறப்பவர்கள் உண்டு. விகிதமுறு சார்பு என்றால் தொலைத்தொடுகோடுகளை முதலில் போட்டு, வளைவின் ஒவ்வொரு துண்டிலும் இரண்டு புள்ளிகள் வைக்க வேண்டும். இதெல்லாம் தொடக்கத்தில் வரும் கருவிப் பயிற்சியில் காட்டப்படும். அதை அவசரமாகத் தாண்டாதீர்கள்.

இன்னும் சில கண்ணிகள். மடக்கைச் சமன்பாட்டைத் தீர்த்தால் 4, −2 என்று இரண்டு விடை வரும்; −2-ஐ மூலச் சமன்பாட்டில் போட்டால் மடக்கைக்குள் குறை எண் வந்துவிடும் என்றால் அதைத் தள்ளிவிட வேண்டும். தள்ளாமல் இரண்டையும் எழுதினால் தவறு. துல்லிய விடை கேட்டால் −√3/2 என்றுதான் எழுத வேண்டும், −0.866 என்று அல்ல. தசமத்தில் கேட்டால் இடையில் எங்கும் முழுமையாக்காமல் கடைசியில் மட்டும் முழுமையாக்குங்கள். முக்கோணவியல் மதிப்புகள் ரேடியனில் வரும், 5π/6-க்கு சைன் 1/2 என்று யோசிக்காமல் வர வேண்டும். சொற்கணக்குகளில் அடி, அங்குலம், மைல், கேலன் வரும்: 1 அடி 12 அங்குலம், 1 மைல் 5280 அடி.

கால்குலேட்டரை நீங்கள் வைத்துக்கொள்ளக் கூடாது. தேவைப்படும் கேள்வியில் மட்டும் திரையிலேயே ஒன்று வரும். வாய்ப்பாடும் பின்னமும் கையில் உள்ள நம் மாணவர்களுக்கு இது லாபமே.

முதல் முறை உண்மையாக எழுதுங்கள்

பொதுவாக மொத்தம் 5 முறை வரை எழுதலாம். சில பல்கலைக்கழகங்கள் குறைத்துவிடும். பல இடங்களில் முதல் முறை கண்காணிப்பு இல்லாத பயிற்சித் தேர்வு. அண்ணனைப் பக்கத்தில் உட்கார வைத்தோ, போனில் கணக்கைப் படமெடுத்துத் தீர்க்கும் ஆப் வைத்தோ அதில் 85 வாங்குவது மிகச் சுலபம், மிகப் பெரிய முட்டாள்தனமும் அதுதான். காரணம், மென்பொருள் வேலை செய்யும் விதம். ஒரு கேள்விக்கு நீங்கள் தரும் விடையை வைத்து அடுத்த கேள்வியைத் தேர்ந்தெடுக்கிறது. கடினமான ஒன்றைச் சரியாகச் செய்தால், அதற்கு அடிப்படையான தலைப்புகளும் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறது. இப்படித்தான் 30 கேள்விக்குள் ஏறத்தாழ 300 தலைப்புகளை அளக்கிறது. தேர்வு முடிந்ததும் வட்ட விளக்கப்படமாக உங்களுக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் காட்டி, தெரியாததை மட்டும் பயிற்சிப் பகுதியில் தரும். அண்ணனின் விடைகளால் படம் நிரம்பினால், நீங்கள் படிக்க வேண்டிய பாடமே அதில் வராது. கண்காணிப்போடு எழுதும் தேர்வில் மதிப்பெண் பாதியாக விழும். வகுப்பை முடிவுசெய்வது அந்த மதிப்பெண்தான்.

இதே காரணத்தால்தான் கவனக்குறைவுத் தவறு இங்கே அதிகம் சுடுகிறது. ஒரு கழித்தல் குறியை விட்டால் போவது ஒரு கேள்வி மட்டுமல்ல. அதன் மேல் நிற்கும் தலைப்புகளும் தெரியாது என்று மென்பொருள் முடிவுகட்டக்கூடும். பின்னால் திரும்பி வந்து திருத்தவும் வழியில்லை. எனவே ஒவ்வொரு விடையையும் அனுப்புமுன் ஒரு முறை சரிபாருங்கள். "தெரியாது" என்ற பொத்தான் உண்டு. பயிற்சித் தேர்வில் தெரியாததற்குத் தயங்காமல் அதை அழுத்துங்கள். கண்காணிப்புத் தேர்வில் இரண்டு மூன்று நிமிடமாவது முயன்ற பிறகு அழுத்துங்கள். பாதி ஞாபகம் இருக்கும் சூத்திரம் அதற்குள் திரும்பி வரும்.

பயிற்சிப் பகுதியில் பல நிலைப் பாடத்தொகுப்புகள் இருக்கும். மதிப்பெண் 55 வந்தவர் நேரே கால்குலஸ் தயாரிப்பைத் தேர்ந்தெடுத்தால் அடித்தளம் இல்லாமல் திணறுவார். பிரீ-கால்குலஸ் தொகுப்பு போதும். தினம் ஒரு மணி நேரம், இரண்டு மூன்று வாரம் உட்கார்ந்தால் மாற்றம் தெரியும். இதில் எவ்வளவு முன்னேறினாலும் பிளேஸ்மென்ட் மதிப்பெண் தானாக ஏறாது. மறுபடி தேர்வு எழுதினால்தான் ஏறும். மறுதேர்வுக்கு முன் 24 அல்லது 48 மணி நேர இடைவெளியும், பயிற்சியில் 3 முதல் 5 மணி நேரமும் பல இடங்களில் கட்டாயம். ஓரியன்டேஷனுக்கு இரண்டு நாள் முன்பு தொடங்கினால் இந்த இடைவெளிக்கே நேரம் இருக்காது. குறைந்தது ஒரு மாதம் முன்பே முதல் தேர்வை முடித்துவிடுங்கள்.

கண்காணிப்புத் தேர்வு நாள்

சில பல்கலைக்கழகங்கள் லாக்டவுன் பிரவுசரோடு (தேர்வின்போது வேறு எதையும் திறக்க விடாத பிரவுசர்) வெப்கேமில் பதிவு செய்யும், சில நேரலைக் கண்காணிப்பாளரை வைக்கும். முன்னதற்குப் பல்கலைக்கழகம் தரும் இணைப்பிலிருந்தே பிரவுசரை இறக்கி, முந்தைய நாளே ஒரு முறை திறந்து பாருங்கள். ஆண்ட்ராய்டு போனில் இது ஓடாது. அப்பாவின் ஆபீஸ் லேப்டாப்பில் மென்பொருள் நிறுவ அனுமதி இருக்காது. கடைசி நிமிடத்தில் அதை நம்ப வேண்டாம்.

நேரலை என்றால் நேர மண்டலத்தைக் கவனியுங்கள். கோடையில் இந்தியா, நியூயார்க்கைவிட 9 மணி 30 நிமிடமும், சிகாகோவைவிட 10 மணி 30 நிமிடமும், கலிபோர்னியாவைவிட 12 மணி 30 நிமிடமும் முன்னால் இருக்கிறது. சிகாகோ நேரம் காலை 9 மணி என்று பதிவு செய்தால் இங்கே இரவு 7.30.

பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். மேஜையில் லேப்டாப், பேனா, வெற்றுத் தாள்கள் தவிர வேறெதுவும் வேண்டாம். தாளின் இரு பக்கமும் கேமராவில் காட்டச் சொல்வார்கள். இயர்போன், ஸ்மார்ட் வாட்ச், இரண்டாவது மானிட்டர் எல்லாம் அடுத்த அறைக்குப் போகட்டும். கேள்வியை வாய்விட்டுப் படிக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அது யாருடனோ பேசுவதாகப் பதிவாகும். தாளைக் கேமரா பார்வைக்குள் வைத்து எழுதுங்கள், அடிக்கடி கீழே குனிந்தால் சந்தேகம் வரும். பாதியில் அம்மா காபி கொண்டுவந்து வைத்தாலும் பிரச்சினைதான். வீட்டில் சொல்லிவிடுங்கள்.

பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து, மொபைல் ஹாட்ஸ்பாட்டைத் தயாராக வையுங்கள். கரண்ட் போய் இணையம் துண்டித்தால் பதற்றப்பட வேண்டாம். கொடுத்த விடைகள் சேமிக்கப்பட்டிருக்கும், மறுபடி உள்நுழைந்தால் விட்ட கேள்வியிலிருந்து தொடரும். அப்படி நடந்தால் நேரத்தைக் குறித்துவைத்து, தேர்வு அலுவலகத்துக்கு அன்றே மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

தேவையான எண்ணுக்கு ஒன்றிரண்டு குறைந்தால் அடுத்த முறைக்கு உட்காருங்கள். அந்த அளவு முன்னேற்றம் சாதாரணம். பள்ளியில் ஏ.பி., ஐ.பி. அல்லது பிரிட்டிஷ் ஏ லெவல் போன்ற பன்னாட்டுத் தேர்வு எழுதியவர்கள் அந்த மதிப்பெண்ணுக்குக் கணித கிரெடிட் கிடைக்குமா என்று அகாடமிக் அட்வைசரிடம் கேளுங்கள். கிடைத்தால் இந்தத் தேர்வே தேவைப்படாமல் போகலாம். மதிப்பெண் பல்கலைக்கழகப் பதிவு மென்பொருளில் ஏற சில நாள் ஆகும், அதுவரை கால்குலஸ் 1-ஐப் பதிவு செய்ய முயன்றால் முன்தேவை நிறைவேறவில்லை என்றே காட்டும்.