கணையம் மாற்றலாமா என்று கேட்பவர்களுக்கு

என் தம்பிக்குச் சிறுநீரகத்தையும் கணையத்தையும் சேர்த்து மாற்றிய பிறகு, கோபி சுற்றுவட்டாரத்தில் இருந்து பலர் எங்கள் தோட்டத்துக்கு வந்து, “ஏனுங்க, சர்க்கரைக்குக் கணையத்தையே மாத்திடறாங்களாமா?” என்று கேட்கிறார்கள். அவர்களிடம் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் எந்த வகைச் சர்க்கரை என்று உறுதி செய்யுங்கள். நடுவயதில் வந்து மாத்திரையில் அடங்கும் இரண்டாம் வகைக்கு இந்த அறுவை சிகிச்சை பொதுவாகத் தேவைப்படாது. கணையத்தில் இன்சுலின் சுரப்பே நின்றுபோன முதல் வகைக்காரர்களுக்குத்தான் பெரும்பாலும் செய்கிறார்கள். சொந்த இன்சுலின் எவ்வளவு சுரக்கிறது என்பதை சி-பெப்டைட் ரத்தப் பரிசோதனை காட்டிவிடும்.

அடுத்து சிறுநீரகம். முடிவே இதில்தான் இருக்கிறது. புதுக் கணையத்தை உடம்பு நிராகரிக்காமலிருக்க, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரைகளை ஆயுசுக்கும் போட வேண்டும். அதனால் தொற்றும் சில வகைப் புற்றுநோயும் வரும் வாய்ப்பு கூடும். ஊசியிலேயே சர்க்கரை கட்டுக்குள் இருப்பவர் இந்தப் பாரத்தை ஏற்க வேண்டாம் என்பேன். டயாலிசிஸ் வரை போனவர் நிலை வேறு. சிறுநீரகம் மட்டும் மாற்றினாலும் இதே மாத்திரைகள்தான். கூடவே கணையமும் கிடைத்தால் இன்சுலின் ஊசி நிற்கும். 1966-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் நடந்த முதல் கணைய மாற்றிலேயே சிறுநீரகத்தையும் சேர்த்துத்தான் வைத்தார்கள். கணையம் மட்டும் மாற்றுவது, சர்க்கரை இறங்குவதே தெரியாமல் அடிக்கடி மயங்கி விழுபவர்களைப் போன்ற சிலருக்குத்தான்.

உறுப்பு பெரும்பாலும் மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து வருகிறது. நாமாகப் பெயர் கொடுக்க முடியாது. மருத்துவமனைதான் டிரான்ஸ்டான் எனப்படும் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தில் பதியும். சிறுநீரகம் மாற்றும் எல்லா இடத்திலும் கணையம் மாற்றுவதில்லை. அதனால் இதுவரை எத்தனை பேருக்குக் கணையம் மாற்றினார்கள், அதில் எத்தனை பேர் ஒரு வருஷம் கழித்தும் இன்சுலின் இல்லாமல் இருக்கிறார்கள் என்று நேராகக் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லைங்க.

காத்திருக்கும்போதே இதயப் பரிசோதனை, பல் வைத்தியம், தடுப்பூசி எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். எடுத்த கணையம் ஐஸில் அதிக நேரம் தாங்காது, 12 மணி நேரத்துக்குள் வைத்துவிடப் பார்ப்பார்கள். அதனால் போனை அணைக்காதீர்கள். ராத்திரியில் கார் யாருடையது, மாடு கறப்பது யார் என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். போன பிறகு உறுப்பு சரியில்லை என்று திருப்பி அனுப்பவும் கூடும். அதற்கும் மனசைத் தயார் செய்யுங்கள்.

அறுவையில் பழைய கணையத்தை எடுக்கமாட்டார்கள். செரிமானத்துக்கு அது வேண்டும். புதியதை அடிவயிற்றில் வைப்பார்கள். முதல் சில நாட்களில் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைப்பதுதான் பெரிய பயம்.

அப்புறம் வீட்டு வேலை. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரையைப் பெரும்பாலும் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை தருவார்கள், நேரம் தவறக் கூடாது. ரத்தத்தில் அதன் அளவு பார்க்கும் நாளில் ரத்தம் கொடுத்த பிறகே காலை மாத்திரை. பம்ப்ளிமாஸ் பழம் ஆகாது, மருந்தின் அளவை ஏற்றிவிடும். குழம்பில் போடும் மஞ்சள் பரவாயில்லை; மஞ்சள் மாத்திரை, கஷாயம், நாட்டு மருந்து எதுவானாலும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். கட்டுத்தறியில் சாணி அள்ளும் வேலையைத் தம்பியிடமிருந்து நாங்கள் வாங்கிக்கொண்டோம்; மண்ணிலும் சாணியிலும் இருக்கும் கிருமி அவனுக்கு ஆபத்து. பச்சைப் பாலும் கூடாது. ஒப்புட்டு ஒன்று தின்னலாம், ஆனால் ஸ்டீராய்டும் டாக்ரோலிமஸும் சர்க்கரையை ஏற்றக்கூடியவை, அளவு முக்கியம்.

காய்ச்சலோ வயிற்று வலியோ வந்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள், உடனே கிளம்புங்கள். நிராகரிப்பு தொடங்கி வெகுவாக முற்றிய பிறகுதான் சர்க்கரை ஏறும். அதற்கு முன்பே காட்டிக்கொடுப்பது கணையத்துக்கான அமைலேஸ், லிபேஸ், சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் ஆகிய ரத்தப் பரிசோதனைகள். நெல் அறுப்பு நடந்தாலும் அந்தத் தேதிகளைத் தள்ளிப்போடாதீர்கள்.