செல்டன்ஹாம் தடைப் பந்தயங்களில் குதிரைகளை மதிப்பிடும் முறை

கிண்டியிலும் ஊட்டியிலும் பந்தயம் பார்த்துப் பழகியவர் இங்கிலாந்தின் செல்டன்ஹாம் மைதானத்து ரேஸ் கார்டை (ஓட்ட விவரப் பட்டியலை) முதன்முறை கையில் எடுக்கும்போது, குதிரையின் பெயருக்கு அருகே 1F12-1 என்பது போல எண்ணும் எழுத்தும் கலந்து அச்சாகியிருப்பதைக் காண்பார். நம் ஊர் ஓட்டங்கள் தடையில்லாத சமதள ஓட்டங்கள் என்பதால், குதிரை எத்தனையாவதாக வந்தது என்பதே அங்கே பெரும்பாலும் போதுமான சான்றாக இருக்கிறது. மார்ச் மாதத்தில் 4 நாள், 28 ஓட்டங்களாக நடைபெறும் செல்டன்ஹாம் விழாவிலோ, குதிரை எந்த இடத்தில் வந்தது என்பதற்கு முன்பாக எப்படி வந்தது என்பதைக் கேட்க வேண்டும்.

அந்த வரி குதிரையின் முந்தைய ஓட்டங்களின் முடிவுகள்; எண் அது வந்த இடம். அதை இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். வலக்கோடியில் இருப்பது கடைசி ஓட்டம். சிறு கோடு ஒரு பருவம் முடிந்து அடுத்தது தொடங்கியதைக் குறிக்கும். F என்றால் குதிரை விழுந்தது, U என்றால் ஜாக்கி மட்டும் கீழே விழுந்தார், B என்றால் வேறொரு குதிரை விழுந்ததில் இதுவும் சிக்கிச் சாய்ந்தது, P என்றால் ஜாக்கி பாதியில் நிறுத்திவிட்டார், R என்றால் குதிரை தாண்ட மறுத்தது. இவற்றை எல்லாம் ஒரே தராசில் வைத்துக் கழித்துவிடுவது புதியவர்கள் செய்யும் பெரிய பிழை. 2022 விழாவில் காலோபான் டே ஷான் என்ற குதிரை, புதிய குதிரைகளுக்கான சேஸ் (உயரமான தடைகளைத் தாண்டும்) ஓட்டத்தில் மற்றவற்றை வெகுதூரம் பின்னே விட்டுவிட்டு, கடைசித் தடையைத் தாண்டிய பிறகு தரையிறங்கும்போது தடுமாறி விழுந்தது. கார்டில் அது ஒரு F மட்டுமே. அந்த ஓட்டத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் அந்த எழுத்தைக் கண்டு அஞ்சவில்லை. அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் அதே குதிரை விழாவின் முதன்மை ஓட்டமான கோல்டு கப்பை வென்றது. களைத்துப்போய் நடுவிலேயே விழுந்த குதிரையின் F-உம் இதுவும் ஒன்றாகா. ஆகவே எழுத்து தென்படும் ஒவ்வோர் ஓட்டத்தின் காணொளியையும் தேடிப் பார்ப்பதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

காணொளியில் கவனிக்க வேண்டியது தாண்டும் முறை. ஹர்டில் எனப்படும் சிறு தடைகள் ஏறத்தாழ 107 செ.மீ. உயரம், இடித்தால் சாயக்கூடியவை. வேகமான குதிரை அவற்றை அலட்சியமாக உரசிக்கொண்டும் போய்விடலாம். சேஸ் ஓட்டங்களின் தடைகளோ குறைந்தது 137 செ.மீ. உயரமுள்ளவை, அலட்சியத்தைப் பொறுத்துக்கொள்ளாதவை. தடைக்கு மூன்று நான்கு எட்டுகள் இருக்கும்போதே நல்ல குதிரை காதுகளை முன்னே நீட்டித் தூரத்தை அளந்துகொள்கிறது. எட்டைக் குறுக்கியோ நீட்டியோ சரியான இடத்தில் கால் ஊன்றி எழும்பி, இறங்கிய வேகத்திலேயே ஓட்டத்தைத் தொடர்கிறது. தாண்டும்போதெல்லாம் வலப்பக்கம் சாயும் குதிரையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். செல்டன்ஹாம் இடப்பக்கம் திரும்பும் மைதானம். கோல்டு கப்பில் 22 தடைகள். தடைக்கு அரைக் குதிரை நீளம் இழந்தாலும் மொத்தம் 11 நீளம் கைவிட்டுப் போகிறது, அதை எந்த வேகத்தாலும் எளிதில் ஈடுகட்ட முடியாது.

மைதானத்தின் அமைப்பை அறியாமல் குதிரையை மதிப்பிட முடியாது. கிளீவ் குன்றின் அடிவாரத்தில் மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் இந்தத் தடத்தில் ஓட்டம் இறக்கத்தில் விரைந்து, கடைசியில் ஏற்றத்தில் முடிகிறது. முதலிரண்டு நாள் பழைய தடத்திலும் பின்னிரண்டு நாள் புதிய தடத்திலும் ஓடுகிறார்கள். பழையது முன்னணியில் ஓடும் வேகக்காரக் குதிரைகளுக்கும், புதியது தாக்குப்பிடிக்கும் குதிரைகளுக்கும் கூடுதலாக இடம் தருகிறது. கோல்டு கப்பின் தொலைவு ஏறத்தாழ 5.3 கி.மீ.; சமதளமான கெம்ப்டனில் மூன்று மைல் ஓட்டத்தைச் சுலபமாக வென்ற குதிரையும் இந்த ஏற்றத்தில் மூச்சிழக்கலாம். விதிவிலக்குகளும் உண்டு. வலப்பக்கம் திரும்பும் தடங்களையே விரும்பிய டெசர்ட் ஆர்க்கிட் என்ற குதிரை, 1989-இல் சேறாகிக் கிடந்த செல்டன்ஹாமில் கோல்டு கப்பை வென்றது. அது மனவுறுதியால் கிடைத்த வெற்றி என்றே நான் கருதுகிறேன். ஆனால் விதிவிலக்கை நம்பிக் குதிரையைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

தரையின் ஈரமும் அதே அளவுக்கு முக்கியமானது. இறுகிய தரையில் வென்ற குதிரை சேற்றிலும் வெல்லும் என்று எண்ணிவிடாமல், இன்று அறிவிக்கப்பட்டுள்ள நிலையில் அது முன்பு ஓடியிருக்கிறதா என்று பாருங்கள். எடையைப் பொறுத்தவரை, பெரிய பரிசு ஓட்டங்களில் குதிரைகள் ஏறத்தாழச் சமமாகவே சுமக்கின்றன, பெண் குதிரைகளுக்கு மட்டும் 7 பவுண்டு சலுகை உண்டு. திறனுக்கேற்ப எடையைக் கூட்டிக் குறைக்கும் ஹேண்டிகேப் ஓட்டங்களில்தான் எடையைக் கூர்ந்து பார்க்க வேண்டும். மூச்சுக்குழாய் அறுவை செய்துகொண்ட குதிரைகளின் விவரத்தைப் பிரிட்டனில் 2018 முதல் வெளியிடுகிறார்கள்; அந்த அறுவைக்குப் பின் முதல் ஓட்டம் என்றால் பழைய தோல்விகளைச் சற்று மன்னித்துப் பார்க்கலாம். அயர்லாந்திலிருந்து வரும் குதிரைகளுக்கு, பிப்ரவரித் தொடக்கத்தில் லெப்பர்ட்ஸ்டவுனில் அவை ஓடிய விதமே நம்பத்தக்க அளவுகோல்.

இத்தனையும் வீட்டிலேயே செய்துவிடக்கூடியவை. மைதானத்துக்குச் சென்றால் பேடாக் (ஓட்டத்துக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் இடம்) வேலிக்கு அருகில் நின்று, குதிரை சுற்றி நடப்பதை மூன்று சுற்றாவது பொறுமையாகப் பாருங்கள். உடல்நலமுள்ள குதிரையின் தோல் பளபளக்கும், பின்தொடைத் தசை ஒவ்வோர் அடியிலும் அசையும், நடை தளர்வாகவும் நீளமாகவும் இருக்கும். பின்னங்கால்களுக்கு இடையே வெள்ளை நுரையாக வியர்த்து, பிடித்திருப்பவரை இழுத்துக்கொண்டு ஆடும் குதிரை, ஓட்டம் தொடங்கும் முன்னரே தன் பலத்தைச் செலவழித்துக்கொண்டிருக்கிறது. சில குதிரைகள் எப்போதும் அப்படித்தான் வியர்க்கும் என்பதால், முந்தைய வெற்றிகளின்போது அது எப்படி இருந்தது என்பதையும் ஒப்பிட வேண்டும்.

முதல் இரண்டு ஓட்டங்கள் முடியும்வரை இறுதி முடிவைத் தள்ளிவைப்பது நல்லது. ஜாக்கிகள் உட்புற வேலியோரத்தை விட்டு விலகி நடுத்தடத்தை நாடுகிறார்களா, முன்னால் ஓடியவை ஏற்றத்தில் தளர்கின்றனவா, ஓட்ட நேரம் எவ்வளவு நீண்டது என்பவற்றைக் குறித்துக்கொண்டு, காலையில் எழுதிய பட்டியலில் அந்தத் தரைக்கு ஒவ்வாத பெயர்களை அடித்துவிடுங்கள்.