கல்லூரியில் ட்ரோன் போட்டி நடத்துவது எப்படி? முதன்முறை அமைப்பாளர்களுக்கான செய்முறை விளக்கம்

ஒரு கல்லூரி ட்ரோன் போட்டி நன்றாக நடந்ததா என்று தெரிந்துகொள்ள நான் ஒரே கேள்விதான் கேட்பேன்: வந்த குழுக்களில் எத்தனை பேர் தங்கள் கருவியைத் தரையிலிருந்து எழுப்பினார்கள்? மேடை, பரிசுத்தொகை, சிறப்பு விருந்தினர் எல்லாம் அதற்குப் பிறகுதான். மாதக்கணக்கில் உழைத்துச் செய்த கருவியை இரவு பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருகிற மாணவர்கள், முறை வராமலேயே சான்றிதழோடு திரும்பக் கூடாது. யாருக்கும் காயம் படவும் கூடாது. கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த இரண்டையும் மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை.

இந்தியாவில், ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில், உள்ளரங்கில் நடத்தும் ஒருநாள் போட்டிக்கான விளக்கம் இது. முதல் ஆண்டில் திறந்தவெளியைத் தவிர்த்துவிடுங்கள். காற்று, மழை, வேடிக்கை பார்க்க வரும் கூட்டம், வான்வெளி அனுமதி என்று நான்கு கவலைகள் ஒரே முடிவில் குறைந்துவிடும்.

படி 1: தேதியும் குழுக்களின் எண்ணிக்கையும்

அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் பருவத் தேர்வுகள் பொதுவாக நவம்பர்-டிசம்பரிலும் ஏப்ரல்-மேயிலும் வரும். அதனால் பிப்ரவரி வசதியான மாதம். விதிகளை முந்தைய செப்டம்பரிலேயே வெளியிட்டுவிடுங்கள். கருவி செய்ய ஒரு குழுவுக்கு நான்கைந்து மாதமாவது வேண்டும். பிற்பாடு வெளியில் நடத்தும் துணிவு வந்தால்கூட ஜூலையை ஒதுக்கிவிடுங்கள். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது 250 கிராம் ட்ரோன் எம்மாத்திரம்!

அடுத்து கணக்கு. களத்துக்குள் வந்து ஆயத்தமாக 2 நிமிடம், பறக்க 5 நிமிடம், ஒதுங்க 3 நிமிடம். ஆக ஒரு முறைக்கு 10 நிமிடம். ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு வாய்ப்பு கொடுத்தே தீர வேண்டும். முதல் சுற்றில் தடுமாறும் குழுக்கள் பல, இரண்டாவதில்தான் தங்கள் திறமையைக் காட்டும். 20 குழுக்கள் வந்தால் 400 நிமிடம், அதாவது 6 மணி 40 நிமிடம். காலை 9 முதல் மாலை 5 வரை உள்ள 480 நிமிடத்தில் உணவு இடைவேளைக்கும் சில்லறைத் தாமதங்களுக்கும் 80 நிமிடம்தான் மிஞ்சும். எனவே ஒரு களத்துக்கு 20 குழுவே உச்சவரம்பு. அதற்கு மேல் பதிவு வந்தால் இரண்டாவது களம் அமையுங்கள். அல்லது, கருவி அரை நிமிடம் பறக்கும் வீடியோவை ஒரு மாதத்துக்கு முன்பே கேட்டு வாங்கித் தேர்வு செய்யுங்கள். பணத்தை வாங்கிக்கொண்டு நாற்பது குழுக்களை அழைத்து ஒரே களத்தில் வரிசையில் நிறுத்துவது நியாயமில்லை.

படி 2: சட்டமும் அனுமதியும்

2021 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட ட்ரோன் விதிகள்தான் அடிப்படை. பிறகு வந்த திருத்தங்களையும் சேர்த்துப் படியுங்கள். 250 கிராம் வரை உள்ளது நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. நானோ ட்ரோனை இயக்கவும், வணிக நோக்கமில்லாமல் மைக்ரோ ட்ரோனை இயக்கவும் தொலைவிமானி சான்றிதழ் தேவையில்லை. ஆனால் தனி அடையாள எண் பெற்றுப் பதிவு செய்வது பொதுவிதி. அங்கீகரிக்கப்பட்ட கல்வி நிறுவனங்களுக்கு, ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டுக்காகத் தங்கள் வளாகத்துக்குள், பச்சை மண்டலத்தில் (முன் அனுமதி இல்லாமல் பறக்கவிடக்கூடிய வான்பகுதியில்) பறக்கவிடுவதற்கு விலக்கு இருக்கிறது. உங்கள் கல்லூரிக்கு உள்ள அந்த விலக்கு வெளியூர்க் குழுவின் கருவிக்கும் தானாகப் பொருந்திவிடும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கல்லூரி முதல்வர் வழியாக எழுத்தில் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தில் உள்ள வான்வெளி வரைபடத்தில் உங்கள் வளாகம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள். விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் இருந்தால் பச்சை மண்டலம் கிடையாது. குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கத்துக் கல்லூரிகள் மீனம்பாக்கத்தை ஒட்டியே இருப்பதால் உள்ளரங்கு அவர்களுக்குப் பெரிய நிம்மதி. அரங்குக்குள் நடந்தாலும் உள்ளூர்க் காவல் நிலையத்துக்கு ஒரு தகவல் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: வெளிநாட்டில் செய்த முழு ட்ரோன்களை இறக்குமதி செய்ய 2022 பிப்ரவரியில் தடை வந்தது, உதிரி பாகங்களுக்குத் தடையில்லை. ஆகவே கடையில் வாங்கிய முழுக் கருவிக்கு இடமில்லை, சொந்தமாக இணைத்த கருவிதான் வர வேண்டும் என்று விதியில் எழுதிவிடுங்கள். போட்டியின் நோக்கத்துக்கும் அதுவே நல்லது.

படி 3: பணியை வடிவமைத்தல்

இங்கே அவசரப்படாதீர்கள். பார்த்தவுடன் யாருக்கும் புரிகிற, ஆனால் முழுமையாகச் செய்து முடிக்கக் கடினமான பணியே சிறந்தது. ராபர்ட் மைக்கேல்சன் தொடங்கிய சர்வதேச வான்வழி ரோபாட்டிக்ஸ் போட்டி 1991இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் முதன்முதலாக நடந்தது. ஓர் உலோகத் தட்டைக் களத்தின் ஒரு முனையிலிருந்து எடுத்து மறுமுனையில் சேர்க்க வேண்டும், மனிதக் கை படக்கூடாது. ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். ஆனால் 1995இல்தான் ஸ்டான்ஃபோர்டு குழு அதைச் செய்து முடித்தது. ஆஸ்திரேலியாவின் யுஏவி சேலஞ்ச் என்ற ஆளில்லா விமானப் போட்டி 2007இல் தொடங்கியபோது வைத்த பணி, புதர்க்காட்டில் வழிதவறியவரைத் தேடிக் கண்டுபிடித்துக் குடிநீர் போடுவது. அதை முழுமையாக முடித்து ஒரு குழு வெல்ல 2014 வரை ஆனது. பின்னாளில் அதே போட்டியின் 2018 பதிப்பில்தான் அண்ணா பல்கலைக்கழகத்தின் தக்‌ஷா அணி இரண்டாமிடம் பெற்றது.

அவை ஆண்டுக்கணக்கில் காத்திருக்கத் தெரிந்த போட்டிகள். ஒருநாள் போட்டியில் அதே பணியைப் படிக்கட்டுகளாக உடைத்துக் கொடுக்க வேண்டும். நான் பரிந்துரைப்பது இரண்டு பிரிவுகள்: கையால் இயக்கும் பிரிவுக்கு 250 கிராம் வரம்பு, தானியங்கிப் பிரிவுக்கு 1.5 கிலோ வரம்பு. முதலாமாண்டு மாணவர்கள் முதல் பிரிவில் வருவார்கள்.

மதிப்பெண்ணை இப்படிப் பிரிக்கலாம். எழும்பி 10 விநாடி நிலையாக நின்றாலே 20. களத்தில் நிறுத்திய மூன்று சதுரச் சட்டகங்களுக்குள் நுழைந்து வந்தால் ஒவ்வொன்றுக்கும் 10. சுமந்து வந்த பொட்டலத்தைத் தரையில் வரைந்த வட்டத்துக்குள் போட்டால் 30, கோட்டைத் தொட்டபடி விழுந்தால் 15. குறித்த இடத்தில் இறங்கினால் 20. தானியங்கிப் பிரிவில், ரிமோட்டின் குச்சிகளைத் தொடாமல் செய்த பணிக்கு இரண்டு மடங்கு. நடுவரின் தாளில் ‘நன்று’, ‘மிக நன்று’ என்ற கட்டங்களே இருக்கக் கூடாது. எண்ணக்கூடியதும் டேப்பால் அளக்கக்கூடியதும் மட்டும் இருந்தால் மாலையில் வாக்குவாதம் வராது. சமநிலை வந்தால் எடை குறைந்த கருவிக்கு முன்னுரிமை என்பதையும் முன்கூட்டியே எழுதிவையுங்கள்.

பொட்டலத்துக்கு மணல் வேண்டாம். தையல் விட்டுக் கசிந்தால் மோட்டாரின் பேரிங்குக்குள் போய்விடும். துணிப்பையில் 20 கிராம் பச்சைப்பயறு போதும்; விழுந்த இடத்திலேயே கிடக்கும்.

விதிகளை வெளியிடும் முன் உங்கள் கல்லூரி மாணவர் ஒரு குழுவைக் கொண்டு முழுப் பணியையும் செய்ய வைத்துப் பாருங்கள். அந்தக் குழு போட்டியில் கலந்துகொள்ளக் கூடாது.

படி 4: களம்

12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம் தாராளமானது. உள்விளையாட்டு அரங்கில் கிரிக்கெட் பயிற்சிக்கு மாட்டும் நைலான் வலையே போதும். வலைக்கண் சிறியதாகப் பார்த்து வாங்குங்கள், அல்லது வாடகைக்கு எடுங்கள். வலையின் அடிப்பகுதி தரையில் அரை மீட்டராவது கிடக்கட்டும், மேல் பக்கமும் மூடியிருக்கட்டும். மோதும்போது வலை வெளிப்புறம் புடைக்கும். எனவே பார்வையாளர் கயிற்றை வலையிலிருந்து 2 மீட்டர் தள்ளிக் கட்டுங்கள்.

தரை மிக முக்கியம். பளபளக்கும் ஒரே நிற டைல்ஸ் மேல், கீழ்நோக்கிய கேமராவை நம்பிப் பறக்கும் ட்ரோன் தடுமாறும். பிடித்துக்கொள்ள அதற்குப் புள்ளிகளோ கோடுகளோ வேண்டும். பூ வேலைப்பாடு உள்ள பழைய ஜமுக்காளங்களை விரித்தால் கேமராவுக்கும் உதவும், விழும் கருவிக்கும் மெத்தையாகும். ட்ரோனின் கேமரா பார்த்து இடமறியும் அடையாளக் குறிகளைப் பளபளப்பில்லாத தாளில் அச்சிடுங்கள். லேமினேட் செய்தால் விளக்கொளி பட்டுக் குறியே தெரியாது. இரும்புச் சட்டங்கள் உள்ள அரங்கில் திசைகாட்டி உணரி குழம்பும், கூரைக்குக் கீழ் ஜிபிஎஸ் கிடைக்காது. இரண்டையும் விதிப்புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். மின்விசிறிகளை அணைத்துவிட வேண்டும்.

நுழைவுச் சட்டகங்களை மின் வயரிங் வேலைக்கான பிவிசி குழாயில் 1 மீட்டர் சதுரமாகச் செய்து, மேலே ஸ்பாஞ்ச் சுற்றுங்கள்.

படி 5: அலைவரிசை

ரிமோட்டுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் என்று வரையறுத்துவிடுங்கள். இணையத்தில் எளிதாகக் கிடைக்கும் 915 மெகாஹெர்ட்ஸ் கருவிகள் இந்தியாவில் உரிமமில்லாத அலைவரிசையில் வருவதில்லை; இங்கே திறந்துவிடப்பட்டிருப்பது 865-868. அரங்கில் உள்ளவர்களின் வைஃபை ஹாட்ஸ்பாட்டுகளை அணைக்கச் சொல்லி அவ்வப்போது அறிவியுங்கள்.

கண்ணாடி மாட்டி நேரடி வீடியோ பார்த்துப் பறக்கும் பந்தயமும் உண்டென்றால் 5.8 கிகாஹெர்ட்ஸில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ரேஸ்பேண்ட் எனப்படும் எட்டு சேனல்கள் 5658 முதல் 5917 மெகாஹெர்ட்ஸ் வரை, 37 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் உள்ளன. மூன்று பேர் சேர்ந்து பறக்க 5695, 5769, 5843 என்று சம இடைவெளியில் கொடுக்கத் தோன்றும். அதுதான் தவறு. இரண்டு அலைபரப்பிகள் அருகருகே இயங்கும்போது, ஒன்றின் இரட்டிப்பிலிருந்து மற்றதைக் கழித்த எண்ணில் ஒரு தேவையற்ற சமிக்ஞை பிறக்கும். 5769ஐ இரட்டித்து 5695ஐக் கழித்துப் பாருங்கள்: 5843. மூன்றாமவரின் சேனலிலேயே போய் விழுகிறது. 5658, 5732, 5843 என்று இடைவெளியைச் சமமில்லாமல் கொடுத்தால் இந்தச் சிக்கல் வராது. களத்துக்கு வெளியே யாரும் வீடியோ அலைபரப்பியை இயக்கக் கூடாது என்பதையும் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள். காத்திருக்கும் குழு தன் மேசையில் ஒரு பேட்டரியைச் செருகினாலே, பறந்துகொண்டிருப்பவரின் திரை வெளுத்துப்போகும்.

படி 6: பாதுகாப்புச் சோதனை

ஒரு கருவிக்கு 10 நிமிடம், இரண்டு மேசைகள். முந்தைய நாள் மாலையே தொடங்கிவிட்டால் காலை நெரிசல் இருக்காது. பார்க்க வேண்டியவை:

- சமையலறைத் தராசில் எடை, பேட்டரியோடு சேர்த்து.
- இறக்கைகளில் விரிசல், நட்டுகளின் இறுக்கம், இறக்கைக் காப்பு வளையம்.
- பேட்டரி பட்டையால் கட்டப்பட்டிருக்கிறதா, தலைகீழாகக் குலுக்கினால் நகர்கிறதா.
- ஒரே சுவிட்சில் எல்லா மோட்டார்களும் நிற்கின்றனவா.
- ஃபெயில்சேஃப்: ரிமோட்டின் சமிக்ஞை அறுந்தால் மோட்டார்கள் தாமாகவே நிற்கின்றனவா.

கடைசியானதுதான் உயிரான சோதனை. இறக்கைகள் அனைத்தையும் கழற்றச் சொல்லுங்கள். உங்கள் கண்முன்னே கழற்றட்டும். பேட்டரியைச் செருகி, மோட்டார்கள் சீராகச் சுழலும் வரை த்ராட்டிலை (வேகக் குச்சியை) உயர்த்தச் சொல்லுங்கள். பிறகு ரிமோட்டை அப்படியே அணைக்கச் சொல்லிக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். ஓரிரு விநாடியில் சத்தம் அடங்கினால் தேர்ச்சி. தொடர்ந்து ரீங்கரித்தால், சமிக்ஞை போனபின் கடைசிக் கட்டளையையே பிடித்துக்கொண்டிருக்கும்படி ரிசீவர் அமைந்திருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட கருவி வலைக்குள்கூடப் பறக்கக் கூடாது.

ஆனால் தேறாதவர்களை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். பக்கத்திலேயே பழுதுபார்க்கும் மேசை ஒன்று போடுங்கள்: இரண்டு சால்டரிங் அயர்ன், பேட்டரியை இணைக்கும் எக்ஸ்டி60 கனெக்டர்கள், பசை, ஜிப் டை, பொதுவான அளவுகளில் உபரி இறக்கைகள், ரிசீவர் அமைப்பு தெரிந்த ஒரு சீனியர். பொன்னாடைக்கும் பூங்கொத்துக்கும் ஒதுக்கும் பணத்தை இந்த மேசைக்கு மாற்றுங்கள். அது எத்தனையோ குழுக்களைப் பறக்க வைக்கும்.

படி 7: பேட்டரி

லித்தியம் பாலிமர் பேட்டரிக்குத் தனி இடம் வேண்டும்: காற்றோட்டமான தாழ்வாரம், சிமெண்ட் தரை, மணல் வாளிகள், தீயணைப்பான், எழுந்து போகாமல் அங்கேயே இருக்கும் ஒரு பொறுப்பாளர். மர மேசை மேலும் விடுதி அறையிலும் சார்ஜ் செய்ய அனுமதிக்காதீர்கள். செல்லுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. 2200 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி என்றால் 2.2 ஆம்பியரில் சார்ஜ் செய்யுங்கள். உப்பியதும் நசுங்கியதும் உள்ளே வரக் கூடாது. கீழே விழுந்த கருவியின் பேட்டரியைக் கால் மணி நேரம் தனியே வெளியில் வைத்துக் கவனித்த பிறகே மறுபடி பயன்படுத்த விடுங்கள். சூடு உடனே தெரியாமல் பின்னர் தொடங்கலாம்.

படி 8: போட்டி நாள்

பறக்க ‘வேண்டாம்’ என்று சொல்லும் அதிகாரம் ஒரே ஒருவரிடம் இருக்கட்டும். அவர் எந்தக் குழுவையும் சேராத ஆசிரியராக இருப்பது நல்லது. அவர் கை உயர்த்தினால் முதல்வரே மேடையில் பேசிக்கொண்டிருந்தாலும் மோட்டார் நிற்க வேண்டும். நேரக் காப்பாளர், இரண்டு மதிப்பெண் பதிவாளர்கள், அடுத்த மூன்று குழுக்களை வரிசைக்கு அழைத்து வரும் ஒருவர் ஆகியோரும் தேவை. வரிசை அழைப்பாளர் சோர்ந்தால் நாளே தாமதமாகும், சுறுசுறுப்பானவரை நியமியுங்கள்.

முதல் பறப்பைத் தொடக்க விழாவுக்கு முன்பே வைத்துவிடுங்கள். விருந்தினர் தாமதமானால் போட்டி காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் மதிப்பெண்ணைக் குழுத் தலைவரிடம் காட்டிக் கையொப்பம் வாங்குங்கள். முதலுதவிப் பெட்டியும் ஒரு வாகனமும் வாசலில் நிற்கட்டும். இறக்கை வெட்டு ஆழமாகப் பாயும்.

படி 9: முடிந்த பிறகு

ஊருக்குப் புறப்படும் முன் எல்லாப் பேட்டரிகளையும் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைக்கச் சொல்லுங்கள். மதிப்பெண் தாள்கள் அனைத்தையும், வென்றவர்களுடையதை மட்டுமல்ல, இரண்டு நாளில் எல்லாக் குழுக்களுக்கும் அனுப்புங்கள். வலை வாடகைக்குக் கொடுத்தவரின் எண், களத்தின் அளவுகள், உண்மையில் ஆன செலவு, குழுக்கள் விதிகள் பற்றிக் கேட்ட எல்லாக் கேள்விகள் ஆகியவற்றை ஒரு கோப்பில் தொகுத்து இளைய ஆண்டு மாணவர்களிடம் கொடுங்கள். அடுத்த ஆண்டு விதிப்புத்தகத்தின் முதல் வரைவை அந்தக் கேள்விப் பட்டியலை வைத்து எழுதச் சொல்லுங்கள்.