புளூகிராஸோடு ராக்கைக் கலப்பது எப்படி?
புளூகிராஸ் என்பது பாஞ்சோ, மாண்டலின், கிட்டார் மாதிரி கம்பி வாத்தியங்களில் வாசிக்கிற அமெரிக்க நாட்டுப்புற இசை. மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கம் சர்ச் கொயரில் கிட்டார் வாசிக்கிற நண்பர்கள் நாலு பேர் இருந்தால் போதும், தொடங்கிவிடலாம். பாஞ்சோ கிடைக்கவில்லையா, சரி, மாண்டலினை எடுங்கள்.

1940களில் அமெரிக்க மாண்டலின் கலைஞர் பில் மன்ரோ வளர்த்த புளூகிராஸ் மரபில் டிரம்ஸ் கிடையாது. மாண்டலின்காரர் 2, 4ஆம் தட்டுகளில் கம்பிகளை அடித்த உடனே விரலைத் தளர்த்தி ஒலியை அடக்குவார், அந்தச் 'சாப்'தான் தாளத்தைத் தாங்கும். அதனால் டிரம்மர் வந்தால், ராக்கில் அதே 2, 4இல் விழும் ஸ்னேரும் (சுள்ளென்று ஒலிக்கும் சின்ன டிரம்) மாண்டலினும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்ளும். சரணத்தில் ஸ்னேர் வேண்டாம், கோரஸில் டிஸ்டார்ஷன் (கரகரப்பு ஒலி) போட்ட எலெக்ட்ரிக் கிட்டாரோடு சேர்ந்து வரட்டும்.

அப்புறம் சோதனை: நம்ம வில்லுப்பாட்டு உடுக்கையை நடுவில் கொஞ்ச நேரம் தனியாக விடுங்கள், எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அது. ஒத்திகையைப் போனில் பதிவு செய்து கேளுங்கள். பாட்டு வரி புரியவில்லையென்றால் முதலில் எலெக்ட்ரிக் கிட்டாரைக் குறையுங்கள்.