பிரிண்ட் பாதில சிக்கிக்கிட்டா இதப் பண்ணுங்க

அப்பச்சியோட சாந்தி விழாவுக்கு அழைப்பு அனுப்ப அட்ரஸ் லிஸ்ட் பிரிண்ட் போட்டேன், மூணாவது பக்கத்துல காரைக்குடில கரண்ட் போயிருச்சு, திரும்ப வந்தப்புறம் பிரிண்டர்ல பச்சை லைட் எரியுது ஆனா ஒரு தாள் வரல, கேன்சல் குடுத்தா "டெலீட்டிங்"னு காட்டிட்டு அப்படியே நிக்குது. முகப்புல ஆச்சி கவரோட உக்காந்திருக்காங்க, எனக்கு அழுகையே வந்துருச்சு.

பிரிண்டரை ஓட்டுற சாஃப்ட்வேரான டிரைவரை அழிச்சு மறுபடி போடுறதுல ரெண்டு மணி நேரம் போனதுதான் மிச்சம், நீங்க அதுல இறங்காதீங்க. நின்னுபோன பிரிண்ட் வேலை ஹார்ட் டிஸ்க்ல ஃபைலா கிடக்கும், அதான் ஆஃப் பண்ணி ஆன் பண்ணாலும் போகாது.

விண்டோஸ் கீயும் ஆர்-உம் சேத்து அழுத்தி, சர்வீசஸ் டாட் எம்எஸ்சினு (services.msc) இங்கிலீஷ்ல அடிச்சு எண்டர் குடுங்க. வர்ற லிஸ்ட்ல பிரிண்ட் ஸ்பூலரை, அதான் பிரிண்ட் வேலைய வரிசையில வச்சு அனுப்புறத, தேடி ரைட் கிளிக் பண்ணி ஸ்டாப் குடுங்க. இத நிறுத்தாம ஃபைல் அழியாது. அப்புறம் சி டிரைவ்ல விண்டோஸ், அதுக்குள்ள சிஸ்டம்32, அதுக்குள்ள ஸ்பூல், அதுக்குள்ள பிரிண்டர்ஸ்னு ஃபோல்டருக்குப் போங்க. பர்மிஷன் கேட்டா கன்டினியூ குடுங்க. உள்ள இருக்க ஃபைலை மட்டும் அழிங்க, ஃபோல்டரை அழிச்சிராதீங்க! திரும்ப ஸ்பூலருக்கு ஸ்டார்ட் குடுங்க.

நான் அடுத்த நிமிஷமே மூணாவது பக்கத்துலேருந்து போட்டேன், வந்துருச்சு.