சுரங்க நீரில் மாதிரி எடுக்கும்போது

இங்கிலாந்தின் கார்ன்வாலில் உள்ள வீல் ஜேன் வெள்ளீயச் சுரங்கம் 1991-இல் மூடப்பட்டது. பம்புகள் நின்றதும் உள்ளே நீர் நிரம்பி, 1992 ஜனவரியில் வெளியே பாய்ந்து கார்னன் ஆற்றையே செம்மஞ்சளாக்கியது. ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்களிடம் அந்த ஆற்றின் படத்தைக் காட்டி நான் சொல்வது இதுதான்: அந்த நிறம் இரும்பு. நாம் பயப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியாத காட்மியத்துக்கும் துத்தநாகத்துக்கும்.

முதலில் கரையிலேயே பி.எச். (நீரின் அமிலத்தன்மை அளவு; எண் குறையக் குறைய அமிலம் அதிகம், 7 நடுநிலை) அளந்துவிடுங்கள். ஆய்வகம் போய்ச் சேர்வதற்குள் அது மாறிவிடும். பி.எச். சுமார் 3.5-ஐத் தாண்டினால் ஃபெரிக் இரும்பு (ஆக்சிஜனேற்றம் அடைந்த இரும்பு) துருச்சேறாகப் படியத் தொடங்கும். ஆர்செனிக்கும் ஈயமும் அதில் ஒட்டிக்கொள்ளும். துத்தநாகமும் காட்மியமும் அப்படியில்லை, பி.எச். 7-இல்கூடப் பெரும்பாலும் கரைந்தே ஓடும். தெளிந்த நீரை நம்பவே கூடாது.

அப்புறம் இரண்டு பாட்டில். ஒன்றில் 0.45 மைக்ரான் வடிகட்டியில் அங்கேயே வடித்த நீர், மற்றதில் வடிக்காதது. இரண்டிலும் நைட்ரிக் அமிலம் சேர்த்து பி.எச்.-ஐ 2-க்குக் கீழே கொண்டுவாருங்கள். தயவுசெய்து வடிப்பதற்கு முன் அமிலம் ஊற்றாதீர்கள்! துகளில் ஒட்டியிருந்த உலோகமெல்லாம் கரைந்துவிடும், மீன் உண்மையில் எதில் நீந்துகிறது என்பதே தெரியாமல் போய்விடும்.

ஆற்றுப்படுகைச் சேற்றிலும் கொஞ்சம் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள்.